ஒன்று என்றால் எவ்வளவு வலி

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, ஒடிந்த கைக்கு எக்ஸ்ரே இருக்கிறது. என் தலைவலிக்கு மட்டும் சாட்சியே கிடையாது. இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ கடப்பாரை போட்டு நெம்புவார்கள். வெளியே பார்த்தால் நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பேன். யார் நம்புவார்கள்?

என் வீட்டுக்காரர் நம்பவில்லை. கெட்டவர் இல்லை. சைனிக்புரியிலிருந்து தினமும் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக்குப் போய், அளவுகோல் வைத்து அளந்து, சரி, தப்பு என்று முத்திரை குத்துகிற மனிதர். அளக்க முடியாததை அவருக்குப் பிடிக்காது. சாயங்காலம் நான் இருட்டில் படுத்திருந்தால் வந்ததும் ட்யூப் லைட்டைத் தட்டுவார். "எல்லாருக்குந்தான் தலை வலிக்கி. ஒரு காப்பியக் குடிச்சிட்டு எந்திரி." பள்ளிக்கூடத்தில் இந்தியும் தெலுங்கும் பேசிப் பழகிய என் மகள்தான், "அப்பா, லைட் நக்கோ, வேண்டாம்!" என்று கத்துவாள். அவர் காதில் விழாது.

அந்தக் கோபத்தில்தான் ஒரு ஆராய்ச்சியில் சேர்ந்தேன். செகந்திராபாத்தில் ஒரு ஆஸ்பத்திரி. தீராத தலைவலிக்காரர்களில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். நான் விழுங்கியது மருந்தா மாவா என்று இன்றுவரை எனக்கும் தெரியாது. குணமாவது இருக்கட்டும், ஒரு டாக்டர் கையால் "இந்தம்மாவுக்கு வலி உண்மை" என்று ஒரு காகிதம் கிடைத்தால் போதும், அதை வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே நீட்டவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஒரு நோட்டுக் கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு கட்டம். வலியின் தீவிரம், ஒன்றிலிருந்து ஐந்து வரை. முதல் பக்கத்தில் பொடி எழுத்தில் விதிமுறைகள். நான் படிக்கவில்லை. மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் எனக்கு டெஸ்டிங் வேலை, மற்றவர்கள் செய்ததில் பிழை கண்டுபிடிப்பது. அடுத்தவர்கள் விதிமுறை படிக்கவில்லை என்று நாள் முழுக்கச் சண்டை போடுகிறவள். ஊருக்குத்தான் உபதேசம்.

இரண்டாவது மாதம் வலி போட்டுப் புரட்டி எடுத்தது. ஆபீஸ் காரில் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் கண்ணில் பூச்சி பறந்தது. நோட்டை வாங்கிக்கொண்டு டாக்டர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். ஒரு கோடு, மேலிருந்து வழுக்கிக்கொண்டு கீழே வந்தது.

"சூப்பர் மேடம்! எவ்வளவு குறைஞ்சிருக்கு பாருங்க."

"இல்லை டாக்டர், ஜாஸ்திதான் ஆயிருக்கு."

"அது பழைய வலியோட பயம். சிலருக்கு அப்படி இருக்கும். இது நான் எழுதினது இல்லை மேடம், நீங்களே எழுதினது."

நானே எழுதினதுதான். என் கையெழுத்துத்தான். அப்படியானால் இப்போது தலைக்குள் இடிப்பது எது? வெளியே வந்து ஆட்டோ பிடிக்கக்கூடத் தோன்றாமல் வெயிலில் நின்றேன். ஒருவேளை வீட்டுக்காரர் சொல்வதுதான் சரியோ? நான்தான் பெரிசு பண்ணுகிறேனோ? வலிக்கிறவளுக்கே தன் வலிமேல் சந்தேகம் வந்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அந்த வாரம் கொண்டாப்பூரில் நாத்தனார் புது ஃப்ளாட்டில் பால் காய்ச்சினார். காலையிலேயே கடப்பாரை இறங்கிவிட்டது. வாயைத் திறந்தேன். "நல்ல நாளும் அதுவுமா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடாத. டாக்டரே கொறஞ்சிருக்குன்னு சொல்லியாச்சில்லா," என்றார் வீட்டுக்காரர். சரி, குறைந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துப் பாயசம் ஊற்றினேன். நடுவில் இரண்டு முறை பாத்ரூமில் வாந்தி. வீட்டுக்கு வந்து நோட்டில் அன்றைய கட்டத்தை நிரப்பிவிட்டுப் படுத்தேன்.

பத்து நாள் கழித்து ஆபீசில், எங்கள் டீமுக்குப் புதிதாக மாறி வந்திருந்த தெலுங்குக்காரப் பெண் ஒரு புகார் பதிந்திருந்தாள். பணம் கட்டும் பக்கமே திறக்கவில்லை. தீவிரம்: ஐந்து.

"ஐந்தா? ஐந்துன்னா சும்மா எழுத்துப்பிழை! ஒன்றுதான் பெரிது. ஒன்று போட்டால்தான் எல்லோரும் எழுந்து ஓடிவருவார்கள்!" என்று இங்கிலீஷில் பொரிந்து தள்ளினேன்.

அவள் மிரண்டுபோய், "ஐது கதா பெத்ததி?" என்றாள். ஐந்துதானே பெரிது என்கிறாள். உலகத்தில் எல்லோருக்கும் ஐந்துதான் பெரிது. எங்கள் ஆபீசில் மட்டும்தான்...

அய்யோ கடவுளே. கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் படித்தேன். ஒன்று, லேசான வலி. ஐந்து, தாங்கமுடியாத வலி. செத்துப் பிழைத்த நாளுக்கெல்லாம் ஒழுங்காக ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். டாக்டருக்குப் போன் போட்டேன். நாளைக்கே நோட்டோடு வரச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னபோது சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ வந்தது. அவர் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கினார்.

"அப்போ ஒண்ணுன்னா?"

"சர்வரே படுத்துட்டுன்னு அர்த்தம். எல்லாத்தையும் போட்டுட்டு ஓடணும்."

ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார், தொழிற்சாலையில் சரக்கு பார்ப்பதுபோல. ஒரு கட்டத்தில் விரல் நின்றது.

"இது பால் காச்சுன அன்னைக்குல்லா?"

"ஆமா."

"ஒண்ணு போட்டிருக்கே."

"ஆமா."

"நீ சிரிச்சிக்கிட்டுல்லா பரிமாறுன."

"நீங்கதானே மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடாதன்னு சொன்னீங்க."

அவர் நோட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டு, எழுந்துபோய் விளக்கை அணைத்தார். ஜன்னல் திரையையும் இழுத்து விட்டார். இருட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு எனக்குத் தலை வலிக்கவே இல்லை. ஆனால் நான் சொல்லவில்லை.