கண்ணாடி இழையும் கொஞ்சம் விபூதியும்

பெரிய காஞ்சிபுரத்துச் சந்து வீட்டை விட்டு, திருமுக்கூடல் பக்கம் வயல்களுக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டு நாங்கள் வந்ததற்குக் காரணம் தறி. என் வீட்டுக்காரர் பட்டு நெய்பவர். சந்து வீட்டில் தறியைப் போட்டால் ஆள் படுக்க இடமில்லை, ஆள் படுத்தால் தறிக்கு இடமில்லை. புது வீட்டில் தறிக்கென்று தனி அறை, காற்று, வெளிச்சம், கிணற்றுத் தண்ணீர், சாயங்காலமானால் மயில் என்று எல்லாம் இருந்தது. சிக்னல்தான் இல்லை. மனை பார்க்க வந்தபோது அதை யாரும் சொல்லவில்லை. சொல்ல நினைத்தவர்கள் போன் செய்து பார்த்திருப்பார்கள், லைன் கிடைத்திருக்காது.

எனக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். நெட் ஒழுங்காக இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். நெட்டோ எங்கள் மாடியில், தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தால் மட்டும் வரும். ஒரு கையில் குடை, மடியில் லேப்டாப் என்று நான் மீட்டிங்கில் கலந்துகொள்வதைப் பார்த்து, நாற்று நடும் பெண்கள் என்னை ஏதோ வேண்டுதல் செய்கிறவள் என்று நினைத்திருந்தார்கள்.

ஒருநாள் மீட்டிங் நடுவே மயில் அகவியது. மேனேஜர் பதறிப்போய், "குழந்தை அழுவுது போல இருக்கே. போய்ப் பாத்துட்டு வாங்க, பரவால்ல" என்றார். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆனாலும் மனுஷர் அவ்வளவு அன்பாகச் சொல்லும்போது மறுப்பது மரியாதையா? கீழே போய் நிதானமாகக் காப்பி குடித்துவிட்டு வந்தேன். அதன் பிறகு அந்தக் குழந்தைக்கு அடிக்கடி பசித்தது.

விளையாட்டெல்லாம் கொஞ்ச நாள்தான். லைன் அறுந்து அறுந்து மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. "மாசக் கடைசி திங்கக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு வீடியோ கால் வெச்சிருக்கேன். கேமரா ஆன்ல இருக்கணும். அன்னிக்கும் கட் ஆச்சுன்னா நீங்க ஆபீசுக்கே வந்துடுங்க" என்றார்.

ஆபீஸ் என்றால் விடிவதற்கு முன் பஸ், அப்புறம் ரயில், அப்புறம் இன்னொரு பஸ். திரும்பி வரும்போது வீட்டுக்காரர் தூங்கியிருப்பார். வாரத்தில் ஒருநாள் முகம் பார்த்துக்கொள்வதற்காகவா வயல் நடுவில் வீடு கட்டினோம்?

வாலாஜாபாத்தில் கேபிள் டிவி நடத்துகிற ஒருவர்தான் இந்தப் பக்கமெல்லாம் ஃபைபர் லைன் இழுப்பவர். எப்போது போன் செய்தாலும் "வந்துக்கினே இருக்கறேன்மா" என்பார். அந்த மனுஷர் வந்துகொண்டே இருந்த வேகத்துக்கு இந்நேரம் டெல்லியையே தாண்டியிருக்கலாம். எங்கள் வாசலுக்கு மட்டும் வரவில்லை.

கடைசியில் அவர் தானாகவே ஒருநாள் வந்தார், லைனுக்காக அல்ல. மகளுக்குக் கல்யாணமாம். நெய்பவர் கையிலேயே முகூர்த்தப் புடவைக்குச் சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறார். வீட்டுக்காரர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"புடவைதானேண்ணா? வந்துக்கினே இருக்குது."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே பனைமரத்திலிருந்து வேப்பமரம், வேப்பமரத்திலிருந்து எங்கள் ஜன்னல் என்று ஒரு கறுப்பு ஒயர் வந்து சேர்ந்தது. அன்றைக்கே தறியில் அவர் மகளுடைய அரக்குப் புடவை ஏறியது. மோடத்தில் பச்சை விளக்கு எரிந்ததும் நான் அதற்குச் சூடம் காட்டாத குறைதான்.

மாசக் கடைசித் திங்கட்கிழமையும் வந்தது. காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வேப்பமரத்தடியில் போனது, போகும்போது எங்கள் ஒயரையும் இழுத்துக்கொண்டு போனது. பச்சை விளக்கு போய்ச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. தொட்டி மேல் ஏறிப் போனில் கேபிள்காரருக்கு அடித்தேன்.

"ஜாயின்ட் போடுற மெஷின் ஏனாத்தூர்ல காலேஜாண்ட மாட்டிக்கினு இருக்குதுமா. சாயங்காலம் பாக்கலாம்."

சாயங்காலம் பார்த்து என்ன செய்வது? கீழே வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் வீட்டுக்காரர் அறுந்த முனையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மேல் தோலை உரித்திருந்தார். நடுவில் தலைமயிர் போல ஒரு இழை.

"இதுக்காமா இப்படி உக்காந்துக்கினு இருக்கற? அறுந்த இழைதானே? நான் பிணைச்சுத் தரேன்."

தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்தான் பாவு. பழைய பாவு முடியும்போது அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்குவார்கள். வழுக்காமல் இருக்க விரலில் விபூதி தொட்டுக்கொள்வார்கள். அப்படி ஆயிரக்கணக்கான இழைகளை இரண்டே நாளில் முடிக்கிற மனுஷர், ஒற்றை இழைக்கு அசருவாரா? சாமி மாடத்திலிருந்து விபூதி வந்தது. வேப்பமரத்தடியில் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு முறுக்கு. அது பட்டு இல்லையே, கண்ணாடி. மளுக்கென்று ஒடிந்தது. இன்னொரு தரம் ஒடிந்தது. மூன்றாம் தரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அரக்குப் பட்டுநூலால் சுற்றி, மேலே கஞ்சியும் தடவிவிட்டார். மோடம் சிவப்பாகவே இருந்தது.

"காயட்டும், வந்துடும்" என்றார்.

சிரிப்பதா, அழுவதா? சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது, இரண்டுக்கும் சேர்த்துத்தான். அவர் பாவம், விரலில் ஏறியிருந்த கண்ணாடிச் சில்லைக்கூட மறைத்துக்கொண்டிருந்தார். வெளிச்சத்துக்கு இழுத்து வந்து ஊசியால் எடுத்துவிட்டேன். ஒரு பொட்டு ரத்தம், அவ்வளவுதான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தறியில் போய் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தார்.

அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு யோசனை வந்தது.

"கொஞ்ச நேரம் தறியை நிறுத்துங்க. சத்தமே வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தொட்டி மேல் ஏறி மறுபடியும் கேபிள்காரருக்கு அடித்தேன்.

"அண்ணா, உங்க லைனை எடுத்துக் கட்டப் போயி அவர் விரல்ல கண்ணாடி ஏறிடுச்சு. ரத்தம்ணா. நெய்யறவருக்கு விரல்தானே எல்லாம்? உங்க பொண்ணு புடவை முழம் கூடத் தாண்டல. முகூர்த்தத்துக்குள்ள கை ஆறணுமேன்னுதான் வேண்டிக்கினு இருக்கறேன்."

ஒரு வார்த்தையும் பொய் இல்லை. குரல்தான் கொஞ்சம் கூடுதலாக நடுங்கியது.

நான் கீழே இறங்கி, வீட்டுக்காரர் விரலில் பெரிய துணிக்கட்டாகப் போட்டு முடிப்பதற்குள் பைக் சத்தம் கேட்டது. கேபிள்காரர் மெஷினோடு நின்றார். நேராக வேப்பமரத்தடிக்குப் போனவர், பட்டுநூல் சுற்றி விபூதி பூசிய ஒயரைத் தூக்கிப் பார்த்தார்.

"யாருமா இதுக்குப் பூசை போட்டது?"

சிரிப்பு வராமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் அந்தத் துண்டை வெட்டிப் போட்டுவிட்டு மெஷினில் முனைகளைப் பொருத்தினார். அந்த நேரம் பார்த்து உள்ளே தறி டக் டக்கென்று அடிக்க ஆரம்பித்தது. சும்மா உட்காரச் சொன்னால் அந்த மனுஷருக்கு உட்காரத் தெரியாது.

கேபிள்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"கை நல்லாவே ஓடுது போலக்குதே" என்றார்.

"மெஷினும் ஏனாத்தூர்லேர்ந்து சீக்கிரமே வந்துடுச்சு போலக்குதேண்ணா" என்றேன்.

அப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வரப்பில் நின்ற கொக்கெல்லாம் பறந்துவிட்டது. அவருக்கு இட்லி கொடுத்துத்தான் அனுப்பினேன்.

பதினோரு மணிக்குப் பச்சை விளக்கு எரிய, கேமரா முன்னால் உட்கார்ந்தேன். படம் துடைத்துவைத்த மாதிரி தெளிவாக இருந்தது. மேனேஜர் எதை எதையோ அனுப்பச் சொல்லிச் சோதித்தார். எல்லாம் போனது. கடைசியில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"லைன் சூப்பர். வீட்லயே வேலை பாருங்க. ஆனா அது என்ன, டக் டக்குனு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு? குழந்தையா?"

இத்தனை மாதம் அந்தச் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று மைக்கை அணைத்து அணைத்து வைத்திருந்தேன். அன்றைக்கு அணைக்கத் தோன்றவில்லை.

"இல்ல சார், என் வீட்டுக்காரர். அவர் பக்கத்துல இருக்கணும்னுதான் சார் இவ்ளோ பாடும்" என்றேன்.

தறி நின்றது. தறி அறையில் வீட்டுக்காரருக்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறது.