மூன்று முழ ஊற்று

நான் எழுதிக் கொடுத்த ஆணைக்காக வேறொருவரை என் மேலதிகாரி வேலையிலிருந்து நிறுத்தியபோது, எவ்வளவு நேரம் வாய் திறக்காமல் நின்றேன்? அன்று எழுந்த இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை ஒன்றுதான்: நிற்கக் கூடாத அளவு நேரம்.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. காரைக்காலில் பிரெஞ்சு நிர்வாகம் விலகி, இந்திய நிர்வாகம் வந்து அமர்ந்துகொண்டிருந்தது. கோவில்பத்தில் வீடு, கையில் ஒரு பட்டம், அலுவலகங்களில் வேலை கேட்டு என் மனுக்கள். பதில் வரும்வரை சும்மா இருக்க மனமில்லாமல், தெற்கே அரை நாள் பயணத்தில் இருந்த கடலோரக் காப்புக்காட்டில் கோடைப் பருவத்துக்கு மட்டுமான மேற்பார்வையாளர் வேலையை ஏற்றுக்கொண்டேன். வெளிமான்களும் புள்ளிமான்களும் வாழும் காடு அது. சித்திரையில் குட்டைகள் வற்றிவிடும். அடுத்த மழை வரை அந்த உயிர்களுக்குக் குடிநீர் கிடைக்கச் செய்வதே எங்கள் பணி.

என்னோடு ஓலைக் கொட்டகைகளில் தங்கியிருந்தவர்களில் பெரும்பாலோர் கோட்டுச்சேரிமேட்டு மீனவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கடற்கரை மணலில் ஊற்றுப் பறித்துக் குடிநீர் எடுத்துப் பழகியவர்கள் என்பதால்தான் அவர்களை எங்கள் மேலதிகாரியான வன ரேஞ்சர் வரவழைத்திருந்தார். ஊற்று வெட்டுவோருக்குத் தலைமை தாங்கியவர் ஏறக்குறைய என் வயதுள்ள ஒரு பெண். ஊரில் அவருடைய கணவர் பிறர் வலையில் மீன்பிடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பருவக் கூலியைக் கொண்டு சொந்த வலை ஒன்று வாங்குவதே அவர்கள் எண்ணம்.

அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒன்றரை முழம் வெட்டியதும் ஒரு சிட்டிகை ஈரமணலை நாக்கில் வைப்பார். அங்கேயே நிறுத்தச் சொல்வார். குழியின் ஒரு பக்கத்தை மட்டும் சரிவாக்குவார், குட்டி இறங்கினால் ஏறி வர வேண்டுமே என்று. காலையில் கொட்டாங்கச்சியால் மணலை அள்ளிப்போட்டு, தண்ணீர் தெளியும்வரை காத்திருப்பார். மூன்று நாள் நீர் தந்த குழிக்கு இரண்டு நாள் ஓய்வு. இவை எதுவும் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

எங்களுக்கு மாட்டுவண்டி ஓட்டிச் சமையலும் பார்த்தவர், கப்பல்களில் வேலை செய்த காரைக்கால் முஸ்லிம் ஒருவர். எல்லோருக்கும் அவர் ‘நானா’, அதாவது அண்ணன்.

“என்ன தங்கச்சி, உப்புப் பாக்குறியா? எங் கொழம்பையும் கொஞ்சம் பாத்துச் சொல்லேன்.”

“ஒங்க கொழம்ப நாக்குல வைக்கணுமா நானா? மோந்தாலே தெரியுதே!”

வெயில் முற்ற முற்ற ஊறும் நீர் குறைந்தது. நான் கணக்குப் போட்டேன். ஆழத்தை இரட்டித்தால் நீரும் இரட்டிக்கும். குழிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஆட்களுக்கும் ஓய்வு கிடைக்கும். நல்லெண்ணத்தோடுதான் ஆணைப் புத்தகத்தில் எழுதினேன்: எல்லா ஊற்றுகளும் மூன்று முழம்.

“சாரு, இதுக்கு மேல போனா கடலு வந்துருங்க” என்றார் அந்தப் பெண்.

“கடல் ஒரு மைல் தள்ளியில்ல இருக்கு?”

“மேலாப்புலதாங்க ஒரு மைலு. கீழ அப்படி இல்லீங்க.”

நான் சிரித்தேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாட்கள் குழிகளில் நீர் ததும்பியது. என் கணக்கை நானே மெச்சிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் குழிகளின் விளிம்பு வரை குளம்புத் தடங்கள் வந்து, அப்படியே திரும்பிப் போயிருந்தன. கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். வாயில் வைக்க முடியவில்லை. மணலில் மேலாக மிதந்து நின்ற மழைநீரை நாங்கள் தாண்டிவிட்டோம். அடியிலிருந்த உப்புநீர் ஏறிவிட்டது.

அன்று முற்பகலிலேயே ரேஞ்சர் வந்துவிட்டார். ஒரு வாய் குடித்துத் துப்பினார்.

“யாரு வெட்டுனது இத?”

“நாந்தாங்க” என்றார் அந்தப் பெண்.

“ஊத்துத் தெரிஞ்ச ஆளுன்னுதானே ஒன்ன வச்சேன்? நாளையிலேர்ந்து வேலைக்கு வராத.”

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். நானா மட்டும் என்னைப் பார்த்தார். வேலை போனால் என் மனுக்களும் பாழாகுமோ என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் கொட்டகையை நோக்கி நடக்கத் தொடங்கிய பிறகே எனக்குக் குரல் வந்தது.

“ஆணை என்னுடையது சார். அவங்க வேணாம்னு சொன்னாங்க. நான் கேக்கல.”

ரேஞ்சர் புத்தகத்தை வாங்கிப் படித்தார். பின்பு அந்தப் பெண்ணைத் திரும்ப அழைத்தார்.

“நல்ல தண்ணி காட்ட முடியுமா?”

“நாளைக்குச் சாயங்காலம் வந்து பாருங்க. இந்தப் பள்ளத்துல வேணாங்க. எல்லாத்தையும் மூடிட்டு மணல்மேட்டு அடியில வெட்டணும், அங்கதாங்க மழத்தண்ணி தங்கியிருக்கும்.”

“வரலேன்னா?”

“ரெண்டு பேரையும் நானே வண்டியில போட்டுக் காரைக்கால்ல இறக்கி விட்டுர்றேங்க” என்றார் நானா. ரேஞ்சரின் மீசை லேசாக அசைந்தது.

அன்றும் மறுநாளும் எல்லோருமே வெட்டினோம். என் உள்ளங்கைகள் கொப்புளித்தன. இடையில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: “நான் எழுதுனதுன்னு ஏன் நீங்க சொல்லல?”

“சொன்னா ஒங்கள அனுப்பிருப்பாங்க சாரு. அடுத்தாப்புல வர்றவரு எத்தன மொழம் எழுதுவாரோ!”

மறுநாள் மாலை ரேஞ்சர் வந்தபோது ஊற்றுகளில் ஒரு சாண் நீர் நின்றது. குடித்துப் பார்த்து, இன்னொரு கை அள்ளிக் குடித்துவிட்டு எங்களோடு பனைகளின் பின்னால் வந்து நின்றார். ஒரு பெட்டை வெளிமான் தயங்கித் தயங்கி இறங்கியது. அதன் பின்னால் சரிவில் அதன் குட்டி.

“குடிக்கிதுங்க” என்றார் அந்தப் பெண், மூச்சு மாதிரியான குரலில்.

அவர் பருவம் முடியும்வரை இருந்தார். அதன் பின் அந்தக் காட்டின் ஆணைப் புத்தகத்தில் ஊற்றின் ஆழம் குறிக்கப்படவில்லை. வெட்டுபவர் நிறுத்தச் சொல்லும் இடத்தில் நிறுத்த வேண்டும் என்று ரேஞ்சர் தம் கையால் எழுதிவைத்தார். எனக்குக் காரைக்காலில் அலுவலகப் பணி கிடைத்தது. அன்று முதல் எந்த ஆணையையும், அதைச் செய்யப்போகிறவரிடம் கேட்காமல் நான் எழுதியதில்லை.