முகத்தில் ஒட்டிய சூரியகாந்தி

அது 2024 டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு நாற்பதுக்குத் தொடங்கியது. கத்தாரிலிருந்து ராத்தா உம்மாவுடன் வீடியோ கோலில் கதைத்துக்கொண்டிருந்தார். ராத்தா என் ஒரே மூத்த சகோதரி. மூன்று வருடங்களுக்கு முன்பு கணவருடன் போனவர். அவருடைய இரண்டரை வயது மகள் அங்கேதான் பிறந்தாள். நான் வழக்கம்போல கமெராவுக்கு அகப்படாத மூலையில் அபாயாவுக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தேன்.

படங்களைப் பகிரும்போது பெண்களின் முகத்தில் பூவோ இதயமோ ஒட்டுவது, இலங்கையின் கிழக்கே எங்கள் கல்முனைப் பக்கம் பலருடைய வழக்கம். அந்நிய ஆண்களின் பார்வையில் முகம் படாதிருக்க, மார்க்கப் பேணுதலுக்காகச் செய்வது. நான் சூரியகாந்தி ஒட்டினேன். உம்மா, ராத்தா, நான் என்று மூன்றே பெண்கள் உள்ள வாட்ஸ்அப் குழுவிலும் ஒட்டினேன் என்பதிலிருந்து என் பேணுதலின் தரத்தை ஊகித்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு மாமி, "இந்தக் காலத்துல இப்பிடியொரு புள்ளயா!" என்று வியந்தபோது, நான் அடக்கத்துடன் தலைகுனிந்தேன். உண்மையில் நான் மறைத்தது என் நெற்றியை.

பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். கூந்தலிலிருந்து பாதம்வரை வருணிக்கும் கேசாதிபாத மரபைப் பற்றிப் பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதியவள். என் படங்களையும் அம்முறையிலேயே ஆராய்வேன். கூந்தல் முக்காட்டுக்குள் இருப்பதால் நெற்றியில் தொடங்குவேன். அதற்குக் கீழே ஒருநாளும் இறங்கியதில்லை.

அன்று உம்மா எச்சரிக்கையின்றிப் போனை என் பக்கம் திருப்பினார். "இந்தா, உங்கட சாச்சி. சலாம் சொல்லுங்க மகள்."

குழந்தை என்னை உற்றுப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. "இது சாச்சி இல்ல! சாச்சி பூ!" என்று அலறினாள்.

ராத்தா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினார். "படத்தக் காட்டித்தானே புள்ள பழக்கினன். இது உம்மும்மா, இது சாச்சி எண்டு. அவ ஒவ்வொரு நாளும் சூரியகாந்திக்கு முத்தம் குடுக்கிறா. நான் என்ன செய்ய?"

"மறுகா என்ன," என்றார் உம்மா. "எயார்போட்டுக்குப் பூவக் கட்டிக்கிட்டுப் போகட்டும்."

"வாற வெள்ளிக்கிழம நாங்க வாறம். அவ உன்னட்ட வரல்லெண்டா நீ அழப்புடா, இப்பவே சொல்லிட்டன்." ராத்தாவின் சிரிப்பு நின்றது. "எனக்கிட்டயும் உன்ட முகம் தெரியிற படம் ஒண்டுமில்ல ஓய். மூணு வருசமா பூவத்தான் பாக்கிறன்."

திரையில் குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தாள். வியர்வையில் முடி ஒதுங்கி, அவளது நெற்றி முழுதாகத் தெரிந்தது. அகலமாக, சற்றுப் புடைத்து, இம்மியும் பிசகாமல் என்னுடையது. அந்த நெற்றிக்குத்தான் இரண்டரை வருடங்களாக, படம் வரும்போதெல்லாம், என்ன அழகென்று நான் "மாஷா அல்லாஹ்" அனுப்பிக்கொண்டிருந்தேன். அதனால் என் நெற்றி அழகாகிவிட்டதென்று சொல்லமாட்டேன். அதற்கெதிரான என் வாதம் பலவீனப்பட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை புட்டுச் சாப்பிடும்போது உம்மாவைப் படமெடுக்கச் சொன்னேன். பதினொன்று எடுத்தார், நான்கில் அவருடைய விரல். மீதி ஏழில் ஒன்றில் எனக்கு ஒரு கண் பாதி மூடியிருந்தது, கன்னம் புட்டால் உப்பியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தேன். பூ ஒட்டாமல், "இதுதான் சாச்சி" என்று எழுதி அனுப்பினேன். கத்தாரில் அப்போது விடியவில்லை. ராத்தா எழும்புமுன் அதை அழித்துவிட எனக்குத் தாராளமாக நேரம் இருந்தது. என்னை எனக்குத் தெரியும். ஆகவே என் போனை உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஒலுவில் பஸ்ஸில் ஏறினேன்.