தில்லையம்பலம் அண்ணை வீட்டுச் சுவரில் இருந்த அமெரிக்கர்

இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தபோது மகன் ஸ்டுட்கார்ட்டில் இருந்து தொலைபேசி எடுத்தான். "அம்மா, மாமா மோசம் போயிட்டார்." என் மருமகளின் தகப்பன், எங்கள் தில்லையம்பலம் அண்ணை, இனி இல்லை. அவரை அறிந்த உங்களுக்கு அவர் வீட்டுப் படத்தையும் தெரிந்திருக்கும்.

ஊரில் சமாதானப் பேச்சு நடந்த காலம். இங்கே ஜெர்மனியில் அண்ணை வீட்டுக்கு மகனுக்குப் பெண் பார்க்கப் போன அன்றுதான் நான் அதைக் கண்டேன். சோபாவுக்கு மேலே, பெரிய சட்டத்துக்குள், நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரர். நீலக் கோட்டு, மாப் பூசினது போன்ற தலைமயிர், வருகிறவரையே பார்க்கும் கண். எங்கள் வீடுகளில் அந்த இடம் செத்துப்போன தகப்பனுக்கோ பாட்டனுக்கோ உரியது. என்னோடு வந்த மச்சாள் ஒன்றும் கேளாமல் கும்பிட்டுவிட்டாள். பெண்ணின் பரம்பரையில் வெள்ளைக்காரனா?

"ஆர் அண்ணை இவர்?"

"அமெரிக்காக்காரர் அக்கா. இருநூறு வருசத்துக்கு மேலை பழசு."

"உங்களுக்கு என்ன முறை?"

"மாப்பிள்ளை வீட்டாரைப் பார்க்க வந்த ஆள் எண்டு வையுங்கோவன்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

மெல்ல மெல்லக் கதையைப் பிடுங்கினேன். இங்கே இருந்த அமெரிக்கப் படை அதிகாரி ஒருவரின் வீட்டில் அண்ணை தோட்ட வேலை செய்தாராம். அதிகாரியின் மனைவி, அந்த அம்மா, புருசனைப் பிரிந்து ஒரு பெட்டியோடு புறப்பட்டபோது, வந்து எடுப்பேன் என்று தன் முன்னோரின் படத்தை இவரிடம் ஒப்படைத்தாராம். பிறகு வரவேயில்லையாம். இவ்வளவு பழைய சாமானை அகதியின் கையில் யார் கொடுப்பார்? களவு என்றே என் மனம் சொன்னது. கலியாண மண்டபத்துக்குப் பொலிஸ் வந்தால்?

"படத்தைக் கழட்டுங்கோ அண்ணை. இல்லாட்டி இந்தச் சம்பந்தம் சரிவராது."

பெண்ணின் முகம் கறுத்தது. அண்ணையின் குரல் உயரவில்லை. "ஏலாது அக்கா. அது என்ரை இல்லை. மற்றவையின்ரை சாமானை ஒளிச்சு வைச்சாத்தான் களவு. வாறவை காண வேணும், கேட்க வேணும். நீங்கள் கேட்டது நல்லது."

பொலிஸில் காட்டச் சொன்னேன். "காட்டினனான். நீங்களும் வந்து கேளுங்கோவன்" என்றார். மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் அண்ணையைக் கண்டதும், "அந்தப் படத்துக் கிழவர் இன்னும் உங்கள் வீட்டில்தானா? அம்மணி வரவில்லையா?" என்று கேட்டதை மகன் தமிழில் சொன்னான். மகளின் கலியாணமே குழம்பினாலும் அடுத்தவரின் பொருளை மறைக்காத மனிதர். வெளியே வந்ததும் நாள் பார்க்கச் சொன்னேன்.

செத்தவீடு முடிந்தபின் மருமகள் படத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வாசலால் வருகிறவர் முதலில் காணும் இடத்தில் மாட்டச் சொன்னேன். அண்ணையிடம் இருந்து எனக்கு வந்தது அந்தக் காவல்.

கிண்டர்கார்டனுக்குப் போகும் என் பேத்தி, இரண்டு மொழியிலும் எவரையும் மடக்குகிறவள், கேட்டாள்: "அப்பம்மா, அந்த அம்மா வந்தா குடுப்பீங்களோ?"

"ஓம் பிள்ளை. ஆள் அவதானோ எண்டு நல்லாய் விசாரிச்சுப்போட்டு."