ஆளில்லாத படகுகள்

எண்பதுகளில் திண்டிவனத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த தாலுகா ஆபீசுக்கு ஒரு அதிகாரி வாய்த்தார். எண்ணெய் வழியும் தலை, கசங்காத சட்டை. படம் வரைகிறவர்; குடிக்கிற டம்ளரிலேயே பிரஷ்ஷைக் கழுவுவார். அவர் வரைந்த வாட்டர்கலர் படம் அவர் தலைக்கு மேலேயே தொங்கியது: அசையாத ஆறு, நடுவில் மூன்று காலிப் படகுகள். மனு கொடுக்க வருகிறவர்களெல்லாம் அதைப் புகழ்ந்தாக வேண்டும்.

கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை, இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று மரக்காணத்திலிருந்து ஒரு பெண் நாலாவது தடவையாக வந்தாள்.

"உடம்பு கிடைக்காம எப்படிம்மா எழுதறது? அழாத. அந்தப் படத்தைப் பாரு, மனசு அமைதியாயிடும்" என்றார் அந்தப் பெரிய மனுஷர்.

பார்த்தாள். "நடுத்தண்ணில படகு நிக்குது, ஆளக் காணோமே சார். எங்க வூட்டுக்காரரு படகும் இப்படித்தாங்க மெதந்துக்கினு இருந்திச்சி."

அவர் முகம் கறுத்துவிட்டது. அவள் போனதும் படத்தைக் கழற்றி, சாப்பிடக்கூடப் போகாமல், படகுக்கு ஒருவராக மூன்று ஆட்களை வரைந்தார்.

"இப்போ யாரும் குறை சொல்ல முடியாதுல்ல?" என்று என்னைக் கேட்டார்.

இரக்கமா, ரோஷமா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மேஜை ஈரமாகாமலிருக்க, படத்துக்கு அடியில் அவள் மனுவைத்தான் விரித்திருந்தார்.