புண்ணாக்கு ஊறவைத்த சாக்கு

என் மாடு தெருவில் மேயாது. மடவார் வளாகத்தில் எங்கள் தெரு மாடுகள் எல்லாம் குப்பையில் வாய் வைத்துத் திரியும். நான் என்னுடையதை மாட்டுக்கொட்டத்தை விட்டு அவிழ்த்ததில்லை. ஆட்களிடம் பேசக் கூச்சப்படுகிற நான் இதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

இந்த வருஷம் மகள் ராஜபாளையத்திலிருந்து வந்து என்னோடு தங்கினாள். கல்யாணமாகி ஏழு வருஷம். இரண்டு தடவை கரு தங்காமல் போய், மூன்றாவதாக உண்டாகியிருந்தாள். ஐந்தாம் மாதம். அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையும் மாலையும் நம் மாட்டுப் பாலைக் காய்ச்சி ஒரு டம்ளர் கொடுப்பேன். கடைசிச் சொட்டு வரை குடித்துவிடுவாள்.

அப்போதுதான் மாடு தீனி எடுக்காமல் நின்றது. இடது வயிறு உப்பிவிட்டது. மூன்று தடவை சினை ஊசி போட்டும் நிற்காத மாடு அது. மாட்டு டாக்டராக வந்தது ஒரு சின்ன வயதுப் பெண். இரைப்பையில் பிளாஸ்டிக் அடைத்திருக்கும் என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, நின்ற நிலையிலேயே விலாவுக்குப் பின்னால் கீறி, தோள் வரைக்கும் கையை விட்டு அதை எடுத்தது.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “என்ன மதினி, தெருவுக்கே விடமாட்டேன்னு சொல்லுவிய. உள்ள ஒரு பஜாரே இருக்கும் போலயே!”

“எவளாவது மிச்சச் சோத்தைப் பையில கட்டி உள்ள எறிஞ்சிருப்பா. அவ வெளங்குவாளா?” என்றாள் மகள், சன்னலில் நின்றுகொண்டு.

வந்தது கடைப் பை இல்லை. வெள்ளை வெள்ளையாக நாடா, உருண்டு திரண்டு, நடுவில் பச்சைக் கோடு. பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது என் பிளாஸ்டிக் தவிட்டுச் சாக்கு. புண்ணாக்கையும் பருத்திக்கொட்டையையும் அதில் கட்டித் தொட்டித் தண்ணீரில் போட்டுவைப்பேன். விடிந்ததும் நன்றாகப் பிழிந்து, சாக்கை உதறி வெயிலில் காயப்போடுவேன். சிந்தாது, சேதாரம் இல்லை. ஒரே சாக்கு இரண்டு வருஷம் ஓடியது. காய்ந்து காய்ந்து, ஓரமெல்லாம் நாடா நாடாவாகப் பிரியும், தொட்டால் மாவு மாதிரி உதிரும். உதிர்ந்ததெல்லாம் தொட்டியில்தானே விழுந்திருக்கும்? அது எனக்குத் தோன்றவேயில்லை.

“இது என்னன்னு தெரியுதா ஆச்சி?” என்று டாக்டர் பெண் கேட்டது.

“தெரியலையேம்மா.”

கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது, மெதுவாகக் கேட்டேன். “பொடியா உள்ள போயிருந்தா அதையும் எடுத்தாச்சாம்மா?”

“கையில அம்புட்டதத்தான் எடுக்க முடியும் ஆச்சி. ரொம்பப் பொடியானது ரத்தத்துல கலக்குதுங்காங்க. பால்லயும் கண்டிருக்காங்க. மாட்டுக்குன்னு இல்ல, மனுசருக்கும்தான்.”

“அதனாலதான் சினை நிக்கலையோ?”

“அப்படி உறுதியாச் சொல்ல முடியாது. எலிக்குக் குடுத்துப் பாத்ததுல குடலு, கருவெல்லாம் பாதிக்குதுங்காங்க. மாட்டுக்கு எம்புட்டுப் போனா என்ன ஆகும்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது.”

இந்தப் பாலைப் பிள்ளைத்தாய்ச்சி குடிக்கலாமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் சாக்குக் கதையும் வெளியே வரும். மகள் சன்னலிலேயே நின்றாள். ஊசி மருந்து போகிற வரைக்கும் பால் யாருக்கும் வேண்டாம், எத்தனை நாள் என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டது.

அந்த நாள் கணக்கு முடிந்தது. சாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாளியில் ஊறவைத்தேன். மாடும் தேறிக் கறந்தது. மகளுக்கு மட்டும் நான் ஊற்றவில்லை.

“இன்னுமா மருந்து போகல? இந்தப் பாக்கெட் பாலு கழனித்தண்ணி மாதிரி இருக்கும்மா.”

“இன்னும் கொஞ்ச நாளு போகட்டும்.”

அந்தப் பாக்கெட்டைக் கத்தரிக்கும்போதும் கை தயங்கத்தான் செய்தது. அதுவும் பிளாஸ்டிக்தானே. வேறு எதைக் கொடுப்பேன்?

ஒருநாள் சாயங்காலம் பால்காரர் சொம்பை வாங்கிப் பார்த்தார். பால்கோவாக் கடைகளுக்கு ஊற்றுகிறவர் அவர்.

“என்ன ஆச்சி, பாலு கூட இருக்கு? மகளுக்கு எடுத்து வைக்கலையா?”

“அவளுக்குப் பால் வாடை ஆகலப்பா.”

“மாசமா இருந்தா அப்படித்தான்” என்று கேனில் கவிழ்த்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

மகளுக்கு இப்போது எட்டாம் மாதம். பிள்ளை உதைக்கிறது என்று என் கையை இழுத்து வயிற்றில் வைத்துக்கொள்கிறாள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. பால்காரரிடமும் சொல்லவில்லை. எங்கள் பாலில் கிண்டிய கோவாவை எந்த வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி தின்கிறாளோ.