டிவி முழுங்கிய பெயர்

“லேப்டாப்ல ஓடும்டி. டிவில ஓடுமான்னுதான் எனக்கு டவுட்டு” என்றாள் என் தோழி.

நான் செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே அரியலூருக்கு வந்து, சிமெண்ட் ஆலைக் குவார்ட்டர்ஸில் அவள் வீட்டு வாசலில் நிற்கிறேன். நான் எழுதிய முதல் கேமை நிஜமான டிவி ஒன்றில் போட்டுப் பார்க்க வந்திருந்தேன். வா, உட்காரு என்பதற்கு முன்னாலேயே இந்த வார்த்தை.

கல்லூரியில் நாலு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் படித்தவள் அவள். இப்போதும் நாங்கள் இருவரும் ஒரே பைத்தியத்தில்தான் இருக்கிறோம். டிவியில் செருகி, கேசட் போட்டு ஆடுகிற பழைய கேம் பெட்டி உண்டே, அதற்குப் புதிதாகக் கேம் எழுதுவது. அந்தப் பெட்டியின் மொத்த மெமரியும் இன்று போனில் வருகிற ஒரு குட்மார்னிங் படத்தின் மூலைக்குக்கூடக் காணாது. திரை முழுவதும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்கள். வரிசைக்கு முப்பத்திரண்டு கட்டம், முப்பது வரிசை. அதற்குள்தான் ஊர், ஆள், மழை, சாவு எல்லாம்.

அவள் ஆசைக்கு எழுதினாள். நான் வேறு வழியில்லாமல் ஆரம்பித்தேன். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்தான் என்னிடம் இருந்தது. இந்தக் காலத்துக் கேம் எழுதும் மென்பொருளை அதில் திறந்தாலே மாவு மில் மாதிரி இரையும். பழைய பெட்டிக்கு எழுதுவது மட்டும் அதில் தடையில்லாமல் நடந்தது. அப்படித் தொற்றியது, பிறகு விடவில்லை. பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கப் போவதற்கு முன்னால், தினமும் காலையில் இரண்டு மணி நேரம் அதற்குத்தான்.

என் கேமில் ஒரு பெண் மக்காச்சோளக் கொல்லையில் தகரத்தைத் தட்டிக் காட்டுப் பன்றிகளை விரட்டுகிறாள். அவள் கேமில் அரியலூர் ஸ்டேஷனில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய கூட்ஸ் பெட்டிகளைத் தண்டவாளம் மாற்றி மாற்றிச் சேர்க்க வேண்டும். அவள் ஊரில் ரயில் நிற்கும். எங்கள் ஊருக்கு ரயிலே இல்லை. அதைக்கூட அவள் வேண்டுமென்றே வைத்ததாக எனக்குத் தோன்றியது உண்டு.

அதைவிட எரிந்தது அவள் எழுதும் விதம். ஒரே வரிசையில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் அந்தப் பெட்டி காட்டாது. என் பன்றி ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. ஐந்தாவது பன்றி அதே வரிசைக்கு வந்தால் ஏதாவது ஒன்று பாதியாகிவிடும். அதைச் சரிக்கட்ட ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். கடைசியில் பன்றிகள் மின்னி மின்னித் தெரிந்தன. அவளோ கூட்ஸ் பெட்டிகளை உருவமாகவே வைக்கவில்லை. பின்னணியாக வரைந்து பின்னணியையே நகர்த்திவிட்டாள். இருபது பெட்டி ஓடினாலும் ஒன்றுகூட மின்னாது. அதைப் பார்த்த அன்று “சூப்பர்டி” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து இருந்த துணியையெல்லாம் துவைத்துப் போட்டேன்.

கோயம்புத்தூரில் பழைய கேம் பெட்டிகளைப் பழுது பார்க்கிற ஒருவர், தமிழில் எழுதிய புதுக் கேம் ஒன்றைக் கேசட்டாகப் போட்டு விற்கப் போவதாகச் சொல்லியிருந்தார். இருவருமே அவருக்கு எழுதிக் கேட்டோம். “ரெண்டும் அனுப்புங்க மேடம். ஆனா ஒண்ணுதான் போட முடியும்” என்றார்.

அந்த ஒன்று என்னுடையதாக இருக்க வேண்டும். ஏன் என்று அவளுக்குப் புரிய வைக்க முடியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா இன்னமும் கைநாட்டு. ரேஷன் கார்டில் என் பெயரைத் தப்பாக அச்சடித்திருக்கிறார்கள், அதைத் தப்பு என்று கண்டுபிடித்ததே நான் இரண்டாம் வகுப்பு வந்த பிறகுதான். கேமின் முதல் திரையில் என் பெயரைத் தமிழில் போட்டிருந்தேன். எழுத்துக்கு ஒரு கட்டம், கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று புள்ளி புள்ளியாக நானே வரைந்தது. பெயர் மட்டும் மூன்று நாள் பிடித்தது.

அவள் அம்மா எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தார். “பஸ்ல சீட்டு கெடச்சுதாம்மா?”

“கெடச்சுது ஆன்ட்டி” என்றேன். எதற்கு அந்தப் பொய் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் அறையில், ஆமாம், அவளுக்கென்று கதவு வைத்த தனி அறை, மேசை மேல் குண்டு டிவி. கீழே அவளுடைய ஏழாவது பிறந்தநாளுக்கு வாங்கிய கேம் பெட்டி. திரும்பத் திரும்ப எழுதி அழிக்கக்கூடிய கேசட் ஒன்றை வைத்திருந்தாள். அதில் என் கேமை ஏற்றிச் செருகி, சுவிட்சைத் தட்டினாள்.

ஓடியது. சோளத்தட்டை அசைந்தது. பன்றி எட்டிப் பார்த்தது. “பாத்தியா?” என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். திரையின் அடியில் என் பெயர் இல்லை.

“என்னடி தேடுற?”

“கீழ என் பேரு இருந்துச்சு. காணோம்.”

அவள் குனிந்து பார்த்தாள். அப்புறம் கட்டிலில் சாய்ந்து சிரித்தாள். “கடைசி வரிசைலயா போட்ட? அத டிவி முழுங்கிடும்டி! மேல கீழ ரெண்டு ரெண்டு வரிசைய எப்பவும் சும்மா வுட்டுடணும். இது சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே. நீ டிவில கேம் ஆடுனதே இல்லையா?”

“ஆடிருக்கேன்.”

“யாரு வூட்ல?”

“எங்க தெருலதான்.”

லேப்டாப்பில், அந்தப் பெட்டிபோல நடிக்கிற மென்பொருளில், முப்பது வரிசையும் முழுதாகத் தெரியும். குண்டு டிவி ஓரத்தைச் சட்டத்துக்குள் இழுத்துக்கொள்ளும் என்பது எந்தப் பாடத்திலும் நான் படிக்காதது. பெட்டி வைத்திருந்தவர்களுக்கு அது படிக்காமலே தெரியும். நான் ராத்திரி பகலாகப் படித்துத் தெரிந்துகொண்ட எதையும்விட, அவள் சும்மா கட்டிலில் கிடந்து தெரிந்துகொண்ட அந்த ஒன்று பெரிதாகிவிட்டது. அவள் கெட்ட மனதோடு சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

தெருவில் ஆடியிருக்கிறேன் என்றதும் முழுப் பொய் இல்லை. அம்மா வெங்காயம் தரம் பிரிக்கப் போகிற வீட்டில் ஒரு கேம் பெட்டி இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் என்னை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். கண்ணாமூச்சியில், ஓடிப்பிடிப்பதில் எல்லாம் அப்படி ஒருத்தி இருப்பாளே, ஆட்டத்தில் இருப்பாள், ஆனால் அவுட்டும் இல்லை, ஜெயிப்பும் இல்லை. கேமிலும் அதே சட்டம்தான். கம்பி வைத்த இரண்டாவது ரிமோட்டை என் கையில் கொடுப்பார்கள். ஒருவர் மட்டும் ஆடுகிற கேமில் அதற்கு வேலையே கிடையாது. அது தெரியாமல், எதிரிகளை எல்லாம் நான்தான் நடத்துகிறேன் என்று நம்பி ஒரு கோடை விடுமுறை முழுக்க அமுக்கிக்கொண்டிருந்தேன்.

என் கேமை எடுத்துவிட்டு அவள் தன் கேமைப் போட்டாள். முதல் ரிமோட் அவள் கையில். இரண்டாவது தரையில் கிடந்தது. கை சும்மா இருக்காமல் எடுத்து அமுக்கினேன்.

கூட்ஸ் வண்டி பாதியில் மறைந்தது. திரை ஒருமுறை வெட்டி, அடுத்த லெவல் வந்துவிட்டது.

அவள் அப்போது கதவுப் பக்கம் திரும்பி, அம்மாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்து, “அதுக்குள்ள முடிச்சிட்டனா?” என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தாள்.

எனக்கு உடனே புரிந்தது. எழுதுகிற காலத்தில் ஒவ்வொரு லெவலையும் ஆடிக் கடந்து சோதிக்க முடியாது. அதற்காகக் குறுக்குவழி ஒன்று வைப்போம், இந்தப் பொத்தானை அமுக்கினால் அடுத்த லெவல் என்று. முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். அவள் அதை இரண்டாவது ரிமோட்டில் வைத்து, எடுக்க மறந்திருக்கிறாள். ஒரே பிள்ளையாக வளர்ந்தவள். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது ரிமோட்டை அமுக்க அவளுக்கு யாரும் இருந்ததில்லை. கேசட் போய்ச் சேருகிற வீடுகளில் தம்பி தங்கைகள் இருப்பார்கள். பத்து அமுக்கில் கேம் முடிந்துவிடும். கேசட்டின் சிப்பில் ஒருமுறை எழுதி விற்றுவிட்டால் திருத்தவும் முடியாது.

ரிமோட்டைத் தரையில் வைத்தேன். கம்பியைச் சுருட்டிக்கூட வைத்தேன்.

“எப்படிடி இருக்கு?” என்றாள்.

“நல்லாருக்கு. போயிட்டு வரேன், பஸ் போயிடும்.”

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னாலேயே வண்டி ஊர்ந்தது. அவள் ஒழுங்காகச் சோதித்திருக்க வேண்டும், அது என் வேலையா என்று கேட்டுக்கொண்டேன். என் பெயர் காணாமல் போனபோது சிரித்தாளே என்றும். ஆனால் சிரித்த கையோடு எந்த வரிசையில் போட வேண்டும் என்று சொல்லித்தந்தவளும் அவள்தான். அதை மட்டும் யோசிக்காமலே பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன்.

அன்று ராத்திரியே பெயரை இரண்டு வரிசை மேலே தள்ளினேன். கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். அவளும் அனுப்பினாள். பதினோரு நாள் அவள் மெசேஜ் வரும்போதெல்லாம் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்தேன். “அரியலூர்ப் புள்ள நல்லாருக்குதா?” என்று அம்மா கேட்டதற்கு, “அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கும்” என்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

பன்னிரண்டாம் நாள் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அவளிடமிருந்து போன்.

“ஏய், என்னுத எடுத்துட்டாருடி! திங்கக்கெழம சிப்புல எழுத ஆரம்பிக்கிறாராம். உன்னுதும் நல்லாருக்குன்னாரு, பன்னி மட்டும் மின்னுதாம்.”

“ஓ.”

“இன்னொண்ணு கேளு. கடைசித் திரைல நன்றின்னு உன் பேரப் போட்டுட்டேன். நீ வரஞ்ச எழுத்தையே எடுத்துக்கிட்டேன், உன் ஃபைல்ல இருந்து. கோச்சுக்காதடி. ரெண்டு வரிசை உள்ள தள்ளித்தான் போட்டிருக்கேன்.” சிரித்தாள்.

மாணவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன். என் பெயர், நான் மூன்று நாள் வரைந்த பெயர், அவள் கேசட்டில் நன்றிக்கு. அதிலும் ஒப்புக்குத்தான். அதைவிட, பத்து அமுக்கில் அந்தக் கடைசித் திரை வந்துவிடும். கேம் இப்படிக் கெட்டுப்போகிற ஒவ்வொரு வீட்டிலும் முதலில் படிக்கப்போவது என் பெயரை.

நல்ல மனதோடு சொன்னேன் என்று இங்கே எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி இல்லை.

“ரெண்டாவது ரிமோட்ட அமுக்கிப் பாரு” என்றேன்.

“எதுக்கு?”

“அமுக்கிப் பாரேன்.”

காத்திருந்தேன். கேம் பெட்டியின் சுவிட்ச் சத்தம், கூட்ஸின் இரைச்சல், பிறகு அது சட்டென்று வெட்டுவது, எல்லாம் போனில் கேட்டது.

“ஐயோ” என்றாள். “இத எடுக்கவே இல்லையா நான்? நல்ல வேள சொன்னடி. உனக்கு எப்படித் தெரியும்?”

“அன்னைக்கு உங்க வூட்ல பாத்தேன்.”

“எந்த அன்னைக்கு?”

“வந்தேன்ல, அன்னைக்கு.”

அந்தப் பக்கம் பெட்டியை அணைக்கிற சத்தம் கேட்டது. “பன்னெண்டு நாளாச்சு” என்றாள்.

“ஆமா.”

“மறந்துட்டியா?”

இந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளே வழி கொடுத்தாள்.

“இல்ல. பொறாமையாருந்துச்சு. சொல்லல.”

“சரி வை. எனக்கு வேல கெடக்கு” என்றாள்.

திங்கட்கிழமைக்குள் திருத்திவிட்டாள். அடுத்த மாதம் கேசட் வந்தது. நானும் ஒன்று வாங்கினேன். அவள் தரவில்லை, கோயம்புத்தூருக்கு எழுதி வாங்கினேன். ஆட டிவியும் கேம் பெட்டியும் இல்லாததால் பெரம்பலூரில் ஒரு டிவி மெக்கானிக் கடைக்குப் போய், அங்கே அடகுச் சாமான் மாதிரி கிடந்த பழைய கேம் பெட்டியைக் குண்டு டிவியில் செருகி, கேசட்டைப் போட்டு முழுக்க ஆடி முடித்தேன். இரண்டு மணி நேரம். நல்ல கேம். கடைசித் திரையில் அவள் அப்பா, அம்மா பெயர் இருந்தது. அதன் கீழே ஒரு வரிசை வெறுமையாக இருந்தது. டிவி முழுங்கவில்லை. என் பெயரை அவளே எடுத்திருக்கிறாள்.

கோபம் வரவில்லை. அந்த வெறும் வரிசையைவிட, மின்னாமல் ஓடிய அந்தக் கூட்ஸ் பெட்டிகள்தான் மனதை அறுத்தன. இப்போதும் அறுக்கின்றன.

“அண்ணே, இந்த டிவியையும் கேம் பெட்டியையும் எனக்குத் தருவீங்களா?” என்று மெக்கானிக்கிடம் கேட்டேன்.

“இத வச்சு என்னம்மா பண்ணப்போற? சீரியல்கூட வராது.”

“சீரியல் பாக்கறதுக்கு இல்லண்ணே.”

இரண்டையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து டிவியை இறக்கினோம். சோளத்தைப் பின்னணியாக்கி, பன்றிகளைச் சோளத்தோடு சேர்த்தே நகர வைத்து, கேமை முதலிலிருந்து எழுதினேன். அவளிடமிருந்து திருடிய யோசனைதான். சிப்பில் எழுதும் கருவி ஒன்றை வரவழைத்து, முதல் கேசட்டை நானே செய்தேன். இரண்டு ரிமோட்டும் செருகி ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்தாயிற்று. எனக்குத் தெரிந்து தப்பில்லை. எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும்.

நேற்று காலை அந்தக் கேசட்டை அரியலூருக்குக் கூரியர் போட்டேன். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: “என்ன தப்புன்னு பாத்துச் சொல்லு. சொல்லணும்னு கட்டாயம் இல்ல.”